ஸ்டோடோலா: கேஸ் டர்பைனுக்குக் கணக்குப் பார்த்த வாத்தியார்

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்கள் யாரும் ரௌத்–ஹர்விட்ஸ் டேபிள் போடாமல் தப்பித்திருக்க முடியாது. குறுக்கே பெருக்கி, கழித்து, வகுத்து, கடைசியில் முதல் செங்குத்து வரிசையில் குறி மாறுகிறதா என்று பார்ப்போமே, அதேதான். ரௌத் இங்கிலாந்தில் வேலை பார்த்தவர். ஹர்விட்ஸ் ஜெர்மனியில் பிறந்த கணிதப் பேராசிரியர். இருவரும் தனித்தனியாகவே அதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஹர்விட்ஸ் அந்தக் கணக்கில் இறங்கியதே, அதே கல்லூரியின் மெக்கானிக்கல் வாத்தியார் ஒருவர் வந்து உதவி கேட்டதால்தான் என்பது பல பேருக்குத் தெரியாது.

அந்த மெக்கானிக்கல் வாத்தியார் பெயர் ஆவ்ரெல் ஸ்டோடோலா. நம்ம சிலபஸில் டேபிள் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. ஐரோப்பாவில் டர்பைன் செய்கிறவர்களிடம் கேட்டால் கதை வேறு. இன்று இயற்கை எரிவாயுவில் ஓடும் மின்நிலையம் எதை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் இவர் எங்கேயோ இருக்கிறார்.

1859 மே மாதம் லிப்தோவ்ஸ்கி மிக்குலாஷ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். இன்றைக்கு அது ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது. அன்றைக்கு ஹங்கேரி ராஜ்ஜியத்துக்குள் இருந்தது. அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். வீட்டில் பேசிய மொழி ஸ்லோவாக். அந்தக் காலத்தில் அந்த மொழிக்கு நல்ல நேரம் இல்லை. ஸ்லோவாக் மொழியில் நடந்த மேல்நிலைப் பள்ளிகளே மொத்தம் மூன்றுதான். 1874-75 வாக்கில் ஹங்கேரி அரசு மூன்றையும் இழுத்து மூடிவிட்டது. அப்போது ஸ்டோடோலாவுக்குப் பதினைந்து வயது. பிறகு புடாபெஸ்ட்டில் ஹங்கேரியன் மொழியில் படிப்பு, அங்கிருந்து சூரிச் போய் ஜெர்மனில் படிப்பு. வாழ்நாள் முழுக்கப் பாடம் எடுத்ததும் புத்தகம் எழுதியதும் ஜெர்மனில்தான். ஆனால் தான் ஸ்லோவாக் என்பதை அவர் கடைசிவரை மறைத்ததில்லை. தம்பிகள் எமில், கோர்னெல் இருவரும் ஸ்லோவாக் அரசியலில் முன்னணிக்கு வந்தவர்கள். அண்ணன் மட்டும் இயந்திரத்தோடு போனார்.

சூரிச்சில் அவர் படித்த இடத்துக்கு அப்போது பாலிடெக்னிக் என்று பெயர். நம்ம ஊர் டிப்ளமோ பாலிடெக்னிக் என்று நினைத்துவிடாதீங்க. இன்று இடிஹெச் என்று உலக ரேங்கிங்கில் மேலே நிற்கிற கல்லூரிதான் அது. 1881-ல் மெக்கானிக்கல் இன்ஜினியராக வெளியே வந்தார். புடாபெஸ்ட் ரயில்வே பணிமனையில் கொஞ்ச காலம், பிறகு பெர்லினிலும் பாரிஸிலும் மேற்படிப்பு, அப்புறம் பிராக் நகரத்தில் ரஸ்டன் கம்பெனியில் நீராவி இன்ஜின் டிசைன். 1892-ல், முப்பத்து மூன்று வயதில், படித்த கல்லூரியே பேராசிரியராகக் கூப்பிட்டது. அதே வருஷம் அங்கே வந்து சேர்ந்த இன்னொரு புது ஆள்தான் அடால்ஃப் ஹர்விட்ஸ்.

சுவிட்சர்லாந்தில் அப்போது நீர்மின் நிலையங்கள் கிடுகிடுவென்று முளைத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் டர்பைனின் வேகத்தைக் கவர்னர் கட்டுப்படுத்த வேண்டும். லோடு குறைந்தால் வேகம் கூடும், கவர்னர் தண்ணீரை மூடும். ஆனால் நீளமான குழாயில் ஓடிவரும் தண்ணீர் உடனே நிற்குமா? நிற்காது. அது முண்டும், அழுத்தம் ஏறும், கவர்னர் குழம்பும், வேகம் மேலும் கீழும் ஆடத் தொடங்கும். இந்த ஆட்டம் தானாக அடங்குமா, வளர்ந்துகொண்டே போகுமா என்பதுதான் ஸ்டோடோலாவின் கேள்வி. தண்ணீரின் நிலைமம், குழாய், கவர்னரின் எடை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சேர்த்து எழுதியபோது சமன்பாட்டின் படி ஏழு வரைக்கும் போய்விட்டது. ஏழாம் படிச் சமன்பாட்டைத் தீர்க்கப் பொது சூத்திரம் கிடையாது. தீர்க்கவும் வேண்டியதில்லை, வேர்களின் மெய்ப்பகுதி எதிர்மமா என்று தெரிந்தால் போதும். இதை அவர் ஹர்விட்ஸிடம் கொண்டுபோனார். ஹர்விட்ஸ் 1895-ல் விடையை வெளியிட்டார். அந்த முடிவை டாவோஸ் ஊர் டர்பைன் நிலையத்தில் ஸ்டோடோலா பயன்படுத்தி நல்ல பலன் கண்டதையும் அந்தக் கட்டுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார். ரௌத் இதைப் பல வருஷம் முன்பே வேறு வழியில் செய்துவிட்டது இவர்களுக்குத் தெரியாது. எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்றுதான். நம்ம நோட்டில் வெறும் எழுத்துகளாகத் தெரிகிற அந்த டேபிளுக்குப் பின்னால் ஒரு மலையூரும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருக்கின்றன.

பிறகு நீராவி டர்பைன் பக்கம் திரும்பினார். பார்சன்ஸும் டி லாவாலும் 1880-களிலேயே நீராவி டர்பைன் செய்து ஓட்டிவிட்டார்கள். இயந்திரம் ஓடியது, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு முழுமையான கணக்கு யாரிடமும் இல்லை. டி லாவாலின் நாஸில் முதலில் குறுகி, பிறகு விரியும். அதில் நீராவி ஒலியைவிட வேகமாகப் போகிறதா இல்லையா என்றே சண்டை நடந்துகொண்டிருந்தது. ஸ்டோடோலா வாதாடவில்லை. நாஸிலின் நடு அச்சில் பக்கவாட்டில் துளையிட்ட ஒரு மெல்லிய குழாயைச் செருகி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் அழுத்தம் எவ்வளவு என்று அளந்தார். வெளியேறும் பக்க அழுத்தத்தை மாற்றி மாற்றி இதையே திரும்பச் செய்தார். சில நிலைகளில் விரியும் பகுதியின் நடுவே அழுத்தம் சட்டென்று எகிறியது. அது அதிர்ச்சி அலை. கேஸ் டைனமிக்ஸ் பாடத்தில் நாஸிலுக்கு வரைகிற அந்த அழுத்த வளைகோடுகள், பின் அழுத்தம் குறையக் குறைய ஒவ்வொன்றாகக் கீழே இறங்குமே, அதை முதலில் அளந்து வரைந்தவர்களில் முக்கியமானவர் இவர்தான்.

இதெல்லாம் சேர்ந்து 1903-ல் நீராவி டர்பைன் பற்றிய புத்தகமாக வந்தது. நீராவி ஓட்டம், பிளேடின் வலிமை, சுழலும் டிஸ்க்கின் தகைவு, ஷாஃப்ட் எந்த வேகத்தில் அதிர்ந்து துள்ளும் என்ற கிரிட்டிக்கல் ஸ்பீடு வரைக்கும் எல்லாமே ஒரே அட்டைக்குள். 1905-லேயே இங்கிலீஷில் வந்துவிட்டது. பதிப்புக்குப் பதிப்பு தடித்துக்கொண்டே போனது. டர்பைன் கட்டுகிறவர்கள் மேசையில் ஒரு தலைமுறை முழுக்க இந்தப் புத்தகம்தான் இருந்தது. டர்பைன் முழு லோடில் ஓடாதபோது அழுத்தமும் ஓட்டமும் எப்படித் தொடர்புபடும் என்பதற்கு அவர் தந்த விதியை இன்றும் ஸ்டோடோலா நீள்வட்டம் என்றே சொல்கிறார்கள். பவர் பிளான்ட் சிமுலேஷன் சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தால் அந்தப் பெயர் கண்ணில் படும்.

அந்த முதல் புத்தகத்தின் கடைசியில் ஒரு பின்னிணைப்பு. வெப்ப இயந்திரங்களின் எதிர்காலம் என்ன, கேஸ் டர்பைன் சாத்தியமா என்று அதில் ஆராய்ந்திருந்தார். நம்ம கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

கேஸ் டர்பைன் என்றதும் எரிவாயுவில் ஓடுகிற டர்பைன் என்றுதான் பல பேர் நினைக்கிறோம். அப்படி இல்லை. டர்பைனைச் சுற்றுவது நீராவியா, எரிந்து வந்த சூடான வாயுவா என்பதை வைத்து வந்த பெயர் அது. உள்ளே எரிப்பது எண்ணெயாகவும் இருக்கலாம், இயற்கை எரிவாயுவாகவும் இருக்கலாம். யோசனை ரொம்ப எளிது. காற்றை உள்ளே இழுத்து கம்ப்ரஸரில் அழுத்து, எரியறையில் எரிபொருளைச் சேர்த்துச் சூடாக்கு, அந்தச் சூடான வாயுவை டர்பைன் வழியாக வெளியே விடு. பாய்லர் வேண்டாம், கண்டென்ஸர் வேண்டாம், ஆற்றுத் தண்ணீர் வேண்டாம். இவ்வளவு எளிதாக இருந்தும் ஏன் நாற்பது வருஷம் ஆனது?

ஒரே காரணம் கம்ப்ரஸர். நீராவி நிலையத்தில் நாம் அழுத்துவது தண்ணீரை. தண்ணீர் திரவம், அதை எவ்வளவு அழுத்தத்துக்குத் தள்ளினாலும் பம்ப் எடுக்கும் சக்தி டர்பைன் தருவதில் துளிதான். கேஸ் டர்பைனில் அழுத்துவது காற்றை. அது சுருங்கும், சூடாகும், ஏகப்பட்ட சக்தியை விழுங்கும். டர்பைன் உண்டாக்குவதில் பெரும்பங்கைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் கம்ப்ரஸர் தின்றுவிடும். மிச்சம் இருப்பதுதான் நமக்கு. அதனால் கம்ப்ரஸரும் டர்பைனும் கொஞ்சம் மட்டமாக இருந்தாலே மிச்சம் என்பதே இருக்காது. இயந்திரம் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளக்கூட முடியாமல் நின்றுவிடும்.

நின்றும் போனது. ஜெர்மனியில் ஸ்டோல்ஸே என்பவர் 1900-களின் தொடக்கத்தில் ஒன்றைக் கட்டிப் பார்த்தார், மிச்சம் வரவில்லை. நார்வேக்காரர் எல்லிங் 1903-ல் 11 குதிரைத்திறன் மிச்சம் காட்டினார். அதுவே பெரிய சாதனை. பாரிஸில் ஆர்மங்கோவும் லெமாலும் 1906 வாக்கில் ஓட்டிய பெரிய இயந்திரத்தின் செயல்திறன் 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. எரித்த நூறு பங்கில் தொண்ணூற்று ஏழு வீண். ஸ்டோடோலா இந்த முயற்சிகளை எல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். கேஸ் டர்பைன் முடியவே முடியாது என்று அவர் கதவைச் சாத்தவில்லை. வந்துவிட்டது என்று யாரும் விளம்பரம் செய்தபோது கூடச் சேர்ந்து கைதட்டவும் இல்லை. எந்த எண் எவ்வளவு ஆனால் இது ஓடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்.

இடையில் முதல் உலகப் போர். கை இழந்த சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தார்கள். அப்போது சூரிச்சில் இருந்த பிரபல அறுவை மருத்துவர் சாவர்ப்ருக், வெட்டுப்பட்ட கையில் மீதி இருக்கும் தசையைக் கொண்டே செயற்கைக் கையை இயக்க முடியுமா என்று பார்த்தார். தசைக்குள் தோலால் ஒரு சுரங்கம் போலச் செய்து, அதில் ஒரு முளையைக் கோத்து, தசை சுருங்கும்போது வரும் இழுப்பை வெளியே எடுப்பது அவர் முறை. அந்த இழுப்பு விரல்களைப் பிடிக்கவும் விடவும் செய்ய வேண்டும். இயந்திரப் பகுதிக்கு அவர் தேடிப் போனது ஸ்டோடோலாவை. ஆயிரக்கணக்கான கிலோவாட் கணக்குப் பார்த்தவர், ஒரு மனிதனின் தசை எத்தனை கிலோ இழுக்கும், எத்தனை சென்டிமீட்டர் நகரும் என்று கணக்குப் போட உட்கார்ந்தார். ஸ்டோடோலா கை என்றே அதற்குப் பெயர் வந்தது. இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஓரமாக ஒரு வரியில் சொல்லிப் போவார்கள். நான் டர்பைனுக்கு நிகராக வைப்பேன்.

ஐன்ஸ்டைனையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1909-ல் ஐன்ஸ்டைன் சூரிச் பல்கலைக்கழகத்தில் புதுசாகப் பாடம் எடுக்கத் தொடங்கினார். கேட்க வந்து உட்கார்ந்தவர்களில் ஐம்பது வயது ஸ்டோடோலாவும் ஒருவர். உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த பேராசிரியர், முப்பது வயது வாத்தியார் முன்னால் மாணவனாக. அந்தக் காட்சி ஐன்ஸ்டைனுக்கு மறக்கவில்லை. இருபது வருஷம் கழித்து, 1929-ல் ஸ்டோடோலாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு எழுதிய பாராட்டுக் கட்டுரையில் அதை நினைவுகூர்ந்தார். மறுமலர்ச்சிக் காலத்தில் பிறந்திருந்தால் ஸ்டோடோலா பெரிய ஓவியராகவோ சிற்பியாகவோ ஆகியிருப்பார் என்பது ஐன்ஸ்டைனின் கணிப்பு. அதே 1929-ல்தான் ஸ்டோடோலா கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார்.

கேஸ் டர்பைன் அதற்குள் கொஞ்சம் நகர்ந்திருந்தது. ஹான்ஸ் ஹோல்ஸ்வார்த் என்ற ஜெர்மானியர் கம்ப்ரஸர் பிரச்சினையைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார். அறைக்குள் காற்றையும் எரிபொருளையும் நிரப்பி, வால்வை மூடி, வெடிக்கவிடு. வெடிப்பில் அழுத்தம் தானாக ஏறும், அதைத் திறந்து டர்பைனில் அடி. கம்ப்ரஸருக்கு வேலை குறைவு. இந்த இயந்திரத்தைச் சோதித்துச் சொல்ல ஸ்டோடோலாவைக் கூப்பிட்டார்கள். 1920-களின் கடைசியில் நடந்த சோதனைகளில் எதிர்பாராத ஒன்று தட்டுப்பட்டது. குளிர்விக்க வைத்திருந்த தண்ணீர்ச் சட்டைக்குள் வெப்பம் அசாத்திய வேகத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. டர்பைனுக்கு அது நஷ்டம். ஆனால் பாய்லருக்கு?

சுவிட்சர்லாந்தின் பாடன் நகரத்தில் இருந்த பிரவுன் பொவேரி கம்பெனி இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டது. அழுத்திய காற்றில் எரித்தால் சின்ன இடத்திலேயே பெரிய பாய்லர் கிடைக்கும் என்று வேலாக்ஸ் என்ற பாய்லரைச் செய்தார்கள். காற்றை அழுத்த ஒரு கம்ப்ரஸர், அதைச் சுற்ற வெளியேறும் புகையில் ஒரு டர்பைன். கவனியுங்க, கேஸ் டர்பைனின் எல்லா உறுப்புகளும் பாய்லரின் துணைக்கருவி என்ற பெயரில் வந்துவிட்டன! தொடக்கத்தில் புகை டர்பைனின் சக்தி பத்தவில்லை, மோட்டார் வைத்துத் தள்ளினார்கள். விமான இறக்கையின் கோட்பாட்டை வைத்து கம்ப்ரஸர் பிளேடுகளைச் செதுக்கச் செதுக்க, மோட்டாரின் தேவை குறைந்துகொண்டே வந்தது. 1936-ல் அமெரிக்காவில் மார்கஸ் ஹூக் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இப்படி ஓர் இயந்திரம் வைத்தபோது கம்ப்ரஸரைச் சுற்றியது போக மிச்சமும் வந்தது. அப்புறம் என்ன, பாய்லரைத் தூக்கிவிட்டு ஓர் எரியறையை வைத்தால் போதாதா?

போதும் என்று முடிவானது. சுவிட்சர்லாந்தின் நொயஷாடெல் நகரத்துக்கு அவசரகால மின்சாரத்துக்கு ஓர் இயந்திரம் வேண்டியிருந்தது. போர் வரும்போல இருந்ததால் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி பூமிக்கடியில் வைக்க வேண்டும். தண்ணீர் அதிகம் கேட்கக் கூடாது, சட்டென்று கிளம்ப வேண்டும். எரிபொருள் எண்ணெய். 4,000 கிலோவாட். உலகத்தில் ஒரு ஊருக்கு மின்சாரம் தரக் கட்டிய முதல் கேஸ் டர்பைன் இதுதான்.

விற்கிற கம்பெனி சொல்லும் எண்ணை யார் நம்புவது? முப்பது வருஷமாக ஒவ்வொருவரும் ஒவ்வோர் எண் சொல்லி, ஒவ்வொன்றும் பொய்த்துப்போன துறை இது. சோதனைக்கு யாரைக் கூப்பிட்டால் உலகம் நம்பும் என்று பிரவுன் பொவேரிக்குத் தெரிந்திருந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் பல பேருக்கு அவர்தான் வாத்தியார். ஆனால் ஒரு வாத்தியார் தன் மாணவர்களின் வேலையைத் திருத்துவது என்றால் சலுகை காட்டுவார் என்று யாரும் நினைக்கவில்லை. 1939 ஜூலை 7-ம் தேதி, பாடன் தொழிற்சாலையில், எண்பது வயது ஸ்டோடோலா இயந்திரத்தின் முன்னால் நின்றார்.

டர்பைன் உண்டாக்கியது சுமார் 15,400 கிலோவாட். அதில் கம்ப்ரஸர் எடுத்துக்கொண்டது சுமார் 11,400. ஜெனரேட்டருக்கு மிஞ்சியது 4,000. முக்கால் பங்குக்குச் சற்று குறைவாக உள்ளேயே போய்விட்டது. ஒரு பேப்பர் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்க. கம்ப்ரஸருக்கு 10 சதவீதம் கூடுதலாகத் தேவைப்பட்டு, டர்பைன் 10 சதவீதம் குறைவாகத் தந்திருந்தால், 12,540-ம் 13,860-ம் ஆகும். மிச்சம் 1,320 மட்டும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. 15 சதவீதம் என்று வைத்துப் பாருங்க. கம்ப்ரஸருக்கு 13,110 வேண்டும், டர்பைன் தருவது 13,090. இயந்திரம் நின்றுவிடும். ஸ்டோல்ஸேக்கு நடந்தது இதுதான். அவர் யோசனையில் தவறில்லை, பிளேடுகளில்தான் அந்தக் கொஞ்சம் சதவீதம் இல்லை.

ஸ்டோடோலா அளந்து எழுதிய செயல்திறன் 17.38 சதவீதம். டர்பைனுக்குள் நுழைந்த வாயுவின் வெப்பநிலை சுமார் 550 டிகிரி செல்சியஸ். அன்றைய நல்ல நீராவி நிலையங்களோடு ஒப்பிட்டால் 17.38 பெருமைப்படும் எண் இல்லை. அவர் அதை 18 என்றோ, ஏறக்குறைய 20 என்றோ எழுதவில்லை. தசமத்துக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை எழுதினார். லேபில் ரீடிங்கைக் கொஞ்சம் நெளித்து கிராஃபை நேராக்குகிற நமக்கு இது உறைக்கத்தான் செய்யும். அவர் சொன்னதால் 17.38 என்பதில் வாதம் எழவில்லை. கேஸ் டர்பைன் ஓடுமா என்ற கேள்வி அன்றோடு முடிந்தது, எவ்வளவு உயர்த்தலாம் என்ற கேள்வி தொடங்கியது.

உயர்த்த இரண்டு வழி இருந்தது. ஒன்று, இன்னும் சூடாக்குவது. 1939-ல் பிளேடு தாங்கிய உச்சம் 550 டிகிரிதான். இன்றைய பெரிய இயந்திரங்களில் உள்ளே நுழையும் வாயு 1,500 டிகிரியைத் தாண்டுகிறது. பிளேடு உலோகத்தின் உருகுநிலையைவிட அது அதிகம். நிக்கல் உலோகக் கலவை, மேலே பீங்கான் பூச்சு, பிளேடுக்குள்ளேயே நுண்துளைகள் வழியாகக் குளிர்ந்த காற்று, இதெல்லாம் சேர்ந்துதான் அதை உருகாமல் நிறுத்திவைக்கின்றன. அந்தக் குளிர்ந்த காற்றும் கம்ப்ரஸரிடமிருந்தே கடன் வாங்கியது என்பதால், இங்கேயும் அதே பழைய வரவு செலவுக் கணக்குதான்.

இரண்டாவது வழி வெளியேறும் புகை. நொயஷாடெல் இயந்திரத்துக்கு 4,000 கிலோவாட் மின்சாரம் எடுக்க சுமார் 23,000 கிலோவாட் வெப்பம் எரிக்க வேண்டியிருந்தது. மீதி 19,000-ல் பெரும்பகுதி சூடான புகையாக வெளியே போனது. அந்தப் புகையை ஒரு பாய்லருக்குள் விட்டால்? நீராவி கிடைக்கும், அதை வைத்து ஒரு நீராவி டர்பைனைச் சுற்றலாம், கூடுதல் எரிபொருள் தேவையில்லை. 1949-ல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் பெல் ஐல் நிலையத்தில் இயற்கை எரிவாயுவில் ஓடிய 3.5 மெகாவாட் கேஸ் டர்பைனின் புகையை, பக்கத்து நீராவி யூனிட்டின் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கப் பயன்படுத்தினார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் கோர்னாய்பர்க்கில் பிரவுன் பொவேரி இன்னும் முழுமையான ஒன்றைக் கட்டியது. இன்று எரிவாயு மின்நிலையம் என்றால் பெரும்பாலும் இந்தக் கூட்டுச் சுழற்சி நிலையம்தான். ஜெர்மனியில் இர்ஷிங் நிலையத்தின் 4-வது யூனிட் 2011-ல் 60.75 சதவீதத்தை எட்டியது. 17.38-லிருந்து 60.75.

ஸ்டோடோலாவின் புத்தகம் 1920-களில் ஒரு பெயர் மாற்றம் பெற்றிருந்தது. நீராவி டர்பைன் என்று தொடங்கியது, நீராவி மற்றும் கேஸ் டர்பைன் என்று ஆனது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். 1927-ல் அதன் இங்கிலீஷ் வடிவமும் வந்தது. ஒரே அட்டைக்குள் இரண்டு அத்தியாயங்களாக இருந்தவை, கோர்னாய்பர்க்கிலும் இர்ஷிங்கிலும் ஒரே கூரைக்குள் இரண்டு இயந்திரங்களாக நிற்கின்றன. கேஸ் டர்பைனின் லோடு குறையும்போது அதன் புகையில் ஓடும் நீராவி டர்பைனில் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று கணக்கிட அங்கே அந்த நீள்வட்ட விதியைத்தான் எடுக்கிறார்கள்.

அவர் மாணவர்கள் வேறு பாதைகளிலும் போனார்கள். ஒலிவேகத்தோடு ஒப்பிடும் எண்ணுக்கு மாக் எண் என்று 1929-ல் பெயர் சூட்டிய யாகோப் ஆக்கெரெட் அவரிடம் உதவியாளராக இருந்தவர். காற்றை வெளியே விடாமல் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் மூடிய சுழற்சி கேஸ் டர்பைனை சூரிச்சின் எஷர் வைஸ் கம்பெனியில் உருவாக்கியவர்களில் ஒருவரும் அவரே. ஸ்டோடோலா ஓய்வு பெற்ற பிறகு இயந்திரத்தை ஓரம் வைத்து ஒரு தத்துவப் புத்தகம் எழுதினார், 1931-ல் வந்தது. ஓர் இன்ஜினியரின் இடத்திலிருந்து உலகத்தைப் பார்ப்பது அதன் பொருள். அந்தக் காலத்துப் பேராசிரியர்களுக்கு இதெல்லாம் சகஜம்.

நொயஷாடெல் சோதனை முடிந்து இரண்டு மாசத்துக்குள் போர் தொடங்கிவிட்டது. இயந்திரம் பூமிக்கடியில் தன் இடத்துக்குப் போனது. போர் நடந்துகொண்டிருந்தபோதே இங்கிலாந்தின் மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம் தன் ஜேம்ஸ் வாட் பதக்கத்தை ஸ்டோடோலாவுக்குத் தந்தது. 1942 டிசம்பர் 25-ம் தேதி சூரிச்சில் இறந்தார். எண்பத்து மூன்று வயது. போருக்குப் பிறகு கேஸ் டர்பைன்கள் வானத்திலும் தரையிலும் பரவியதை அவர் பார்க்கவில்லை. பின்னாளில் 3981 என்ற எண்ணுள்ள ஒரு குறுங்கோளுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

நொயஷாடெல் இயந்திரம் அவரைவிட அறுபது வருஷம் கூடுதலாக இருந்தது. அவசரத்துக்கு மட்டும் கிளப்புகிற இயந்திரம் என்பதால் தேய்மானம் குறைவு. 1988-ல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோதும் அது வேலை செய்துகொண்டிருந்தது. 2002-ல்தான் ஓய்வு. அதுவும் டர்பைன் கெட்டுப்போய் அல்ல, ஜெனரேட்டர் பழுதானதால். பிறகு அதைப் பெயர்த்தெடுத்து பிர் என்ற ஊருக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்கள். பாடன் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் அப்போது புதிய கேஸ் டர்பைன்களைச் சோதித்துப் பார்க்கும் மின்நிலையம் ஒன்று இருந்தது.